‘உப்பு சரியாக இருக்கிறது’ என்றால் சிறுநீரகம் நலமா?

என் அத்தைக்கு வயது 62. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு பரிசோதனைத் தாளை என் கையில் கொடுத்து, “உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், தம்பி. கிட்னிக்கு ஒன்றும் இல்லை” என்றார். தாளைப் புரட்டிப் பார்த்தேன். சிறுநீரகத்தைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரி: கிரியாட்டினின் 1.1.

இந்த ‘உப்பு’ என்ற சொல் நம் வீடுகளில் பெரும் குழப்பத்தை உண்டாக்கிவிட்டது. கர்ப்பிணிப் பெண்ணுக்குச் ‘சிறுநீரில் உப்பு போகிறது’ என்றால் அது ஆல்புமின் என்ற புரதம். சர்க்கரை நோயாளிக்கு ‘ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது’ என்றால் அது யூரியா, கிரியாட்டினின் என்ற கழிவுகள். இரண்டுமே சமையல் உப்பு அல்ல. இரண்டும் ஒன்றும் அல்ல. ஒன்று உடலை விட்டு வெளியே போகக்கூடாத பொருள், மற்றது உள்ளே தங்கக்கூடாத பொருள். ஒரே பெயரில் இரண்டையும் அழைப்பதால், ஒன்றைப் பரிசோதித்துவிட்டு மற்றதும் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைகிறோம்.

இதற்கிடையே, ‘சிறுநீரகம் செயலிழக்கப்போவதை ஒரு புரதம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்’ என்ற வகைச் செய்திகளும் வருகின்றன. அதைப் படித்துவிட்டு முட்டையையும் பருப்பையும் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். நேர்மாறாக, ‘புரதம் வீணாகப் போகிறதே’ என்று புரதப் பவுடர் வாங்கிக் குடித்தவரையும் தெரியும். செய்தியில் சொல்லப்படும் புரதத்துக்கும் தட்டில் இருக்கும் புரதத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தச் செய்திகள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

வடிகட்டி, அதன் பின்னால் ஒரு பொறுக்கி எடுக்கும் குழாய்

காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் பொடி, கீழே டிகாக்‌ஷன். துளைகள் சரியாக இருக்கும்வரை பொடி மேலேயே நிற்கும். துளை பெரிதானால் டிகாக்‌ஷனில் பொடி மிதக்கும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இதுபோல் சுமார் 10 லட்சம் நுண் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டுபோல் சுருண்டிருக்கும். அந்தச் சுருளின் பெயர் குளோமெருலஸ். ஒரு நாளில் எல்லா வடிகட்டிகளும் சேர்ந்து ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடித்துவிடுகின்றன. ஆனால் நாம் கழிக்கும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போகிறது? வடிகட்டியை அடுத்துள்ள நீண்ட நுண்குழாய் அதில் தேவையானதையெல்லாம் பொறுக்கி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தக் குழாயின் வேலையை மறந்துவிட்டால் பின்னால் வரும் பாதிச் செய்தி புரியாது.

வடிகட்டியின் வெளிப்புறத்தை, கை விரல்களைக் கோத்ததுபோல் சில செல்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த விரலிடுக்குகளே கடைசி வாசல். ரத்தத்தில் மிக அதிகமாக உள்ள புரதமான ஆல்புமின் பெரிய மூலக்கூறு என்பதால், அந்த வாசலைத் தாண்டி மிகச் சிறிதளவே வரும். வருவதையும் நுண்குழாய் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதனால் நலமான ஒருவரின் சிறுநீரில் ஆல்புமின் இல்லை என்றே சொல்லலாம்.

சர்க்கரை இங்கே என்ன செய்கிறது? ‘சர்க்கரை கிட்னியை அரித்துவிடும்’ என்பார்கள். அரிப்பதில்லை. நடப்பது இதைவிட நுட்பமானது. ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது நுண்குழாய்க்குள்ளும் மிகும். குழாய் அதைத் திருப்பி எடுக்கும்போது கூடவே சோடியத்தையும் இழுத்துக்கொள்கிறது. குழாயின் கீழ்ப்பகுதியில் சோடியத்தை அளந்து பார்க்கும் ஒரு காவல் இடம் உண்டு. அங்கே சோடியம் குறைவாக வந்து சேர்வதால், ‘வடிகட்டிக்கு ரத்தம் போதவில்லை’ என்று அது தவறாகப் புரிந்துகொண்டு உள்ளே வரும் ரத்தக் குழாயை அகலத் திறந்துவிடுகிறது. வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கும் விரல் செல்கள் தளர்ந்து, சில உதிர்ந்தும் விடுகின்றன. உதிர்ந்தவை மீண்டும் முளைப்பது அரிது.

சுருக்கமாக: சிறுநீரகத்தில் வடிகட்டும் பகுதி ஒன்று, பொறுக்கி எடுக்கும் பகுதி ஒன்று. நீரிழிவில் அழுத்தம் ஏறி வடிகட்டி கசியத் தொடங்குகிறது. இதையே நீரிழிவுச் சிறுநீரக நோய் என்கிறோம்.

கிரியாட்டினின் தாமதமாகப் பேசுகிறது

கிரியாட்டினின் புரதம் அல்ல. தசைகள் இயங்குவதில் உண்டாகும் சிறிய கழிவு. வடிகட்டி வேலை செய்தால் அது வெளியேறும், வேலை குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். ஆனால் சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம். ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர் மற்றதோடு நன்றாக வாழ்கிறார் அல்லவா? அதுபோல், வடிகட்டிகளில் பல பழுதடைந்த பின்னும் மிச்சமுள்ளவை கூடுதலாக உழைத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். கிரியாட்டினின் எண் அசையும்போது காலம் கடந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தசை குறைந்தவருக்கு அந்தக் கழிவும் குறைவாகவே உண்டாகும். அதனால்தான் வயது, பாலினம் இரண்டையும் சேர்த்து, வடிகட்டும் வேகத்தை ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுகிறார்கள். ஆய்வகத் தாளில் இ-ஜி.எஃப்.ஆர். என்று அச்சிடுவது அதைத்தான். அத்தையின் 1.1 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2021-இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் போட்டால், 62 வயது ஆணுக்கு வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 76 மில்லிலிட்டர் வரும். அதே வயதுப் பெண்ணுக்கு 57. மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒருவருக்கு நிம்மதி தரும் அதே 1.1, அத்தைக்கு எச்சரிக்கை. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

ஆல்புமின்: முதலில் பேசத் தொடங்கிய புரதம்

1960-களில் லண்டனில் ஹாரி கீன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், சாதாரணச் சோதனைத் தாளில் தெரியாத மிகக் குறைந்த அளவு ஆல்புமினையும் சிறுநீரில் அளக்க வழி கண்டனர். அந்த அளவீடு எதற்குப் பயன்படும் என்பது 1982-இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவானது. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளிடம் முன்பு எடுத்த ஆல்புமின் அளவீடு ஆய்வாளர்களிடம் இருந்தது. 14 ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் ஆல்புமின் சற்றே மிகுந்திருந்த 8 பேரில் 7 பேருக்குச் சிறுநீரக நோய் வெளிப்படையாக வந்திருந்தது. குறைவாக இருந்த 55 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் 8-இல் 7 என்பதையும் 55-இல் 2 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாரும் அதைச் சும்மா விட மாட்டார்கள்.

இன்று அதை அளக்கும் முறையின் பெயர் ஏ.சி.ஆர்., அதாவது சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். விகிதம் எதற்கு என்று கேட்கலாம். ரசம் காரமாகிவிட்டால் வெந்நீர் விளாவுகிறோம். அப்போது உப்பும் நீர்க்கும், புளியும் நீர்க்கும். ஆனால் உப்புக்கும் புளிக்கும் உள்ள விகிதம் மாறாது. அதிகம் தண்ணீர் குடித்தவரின் சிறுநீரும் அப்படித்தான். காலையில் ஒரு லிட்டருக்கு 120 மில்லிகிராம் ஆல்புமினும் 1.5 கிராம் கிரியாட்டினினும் இருந்தால் விகிதம் 80. மதியம் தண்ணீர் குடித்து நீர்த்துப்போய், 40 மில்லிகிராமும் அரை கிராமும் ஆனாலும் விகிதம் அதே 80. ஆல்புமினை மட்டும் பார்த்திருந்தால், மதியத்துக்குள் நோய் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று ஏமாந்திருப்போம்.

30-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை நடுத்தரக் கசிவு. 300-க்கு மேல் கடுமையான கசிவு. இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி ஆகிய எல்லாமே எண்ணை ஏற்றும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது மிகுந்திருந்தால்தான் கசிவு உறுதி. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் நல்லது.

சென்னையில் நடந்த க்யூர்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. நீரிழிவு உள்ளவர்களில் 26.9 சதவீதம் பேருக்கு நடுத்தரக் கசிவும், 2.2 சதவீதம் பேருக்கு வெளிப்படையான சிறுநீரக நோயும் இருந்தன. அதாவது, நோய் கண்ணுக்குத் தெரிந்த ஒருவருக்குப் பின்னால், தெரியாமல் கசிந்துகொண்டிருப்பவர்கள் ஏறக்குறைய 12 பேர். அவர்களுக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீரில் நுரையும் இல்லை. ஒரு சிறு புட்டி சிறுநீர் மட்டுமே அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

இதுவரை பார்த்தது: கிரியாட்டினின், வடிகட்டும் வேகம் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்கிறது. ஆல்புமின், வடிகட்டி கசிகிறதா என்பதைச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

குறிகாட்டி வேறு, காரணம் வேறு

குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று நீர் கலங்குகிறது. சருகும் சுள்ளியும் விழுகின்றன. விவரம் தெரிந்தவர் உடனே கரையேறிவிடுவார். மேலே மலையில் பெருமழை பெய்திருக்கிறது, சற்று நேரத்தில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும் என்று அவருக்குத் தெரியும்.

சருகு வெள்ளத்தைக் கொண்டுவரவில்லை. சருகை அள்ளி வெளியே போட்டால் வெள்ளம் நிற்காது. ஆனால் மேலே நடப்பதைக் கீழே இருப்பவருக்குச் சொல்வது அதுதான். மருத்துவத்தில் இப்படிச் செய்தி கொண்டுவரும் பொருளை உயிர்க்குறிகாட்டி என்கிறார்கள். அது புரதமாக இருந்தால் குறிகாட்டிப் புரதம். முட்டையை நிறுத்தினவர் செய்தது சருகைப் பொறுக்கும் வேலை. சிறுநீரில் வரும் ஆல்புமின் அவருடைய கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டது. நேற்றுத் தின்ற முட்டை அப்படியே வழிந்து வருவதில்லை. சிறுநீரக நோயில் உணவுப் புரதத்தை அளவாக வைத்துக்கொள்ளச் சொல்வது வேறு காரணத்துக்காக. அந்த அளவை மருத்துவரோ உணவு ஆலோசகரோ எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆல்புமின் போதாதா? புதுப் புரதங்கள் எதற்கு?

போதாது என்று தெரிந்ததற்கு இரண்டு காரணங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இளவயது நீரிழிவில் (டைப் 1) நடுத்தரக் கசிவு இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஆறு ஆண்டுகளில் 58 சதவீதம் பேருக்குக் கசிவு குறைந்திருந்தது. கசிவு தொடங்கினால் அழிவுதான் என்ற பழைய நம்பிக்கை அதோடு உடைந்தது. இரண்டாவது காரணம் இதற்கு நேரெதிர்: சிலருக்கு ஆல்புமின் கசியாமலேயே வடிகட்டும் வேகம் சரிந்துகொண்டு போகிறது. அங்கே சருகு விழாமலே வெள்ளம் வருகிறது.

எனவே வேறு செய்தியாளர்களைத் தேடினார்கள். அவர்களில் இருவரை மட்டும் அறிமுகம் செய்கிறேன்.

முதலாவது, டி.என்.எஃப். ஏற்பிகள். அழற்சி என்பது உடல் காயத்துக்கும் கிருமிக்கும் காட்டும் எதிர்வினை. அந்த நேரத்தில் செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதங்களில் ஒன்று டி.என்.எஃப். அந்தச் செய்தியைப் பெற்றுக்கொள்ள செல்களின் மேற்பரப்பில் தபால் பெட்டிபோல் ஏற்பிகள் இருக்கும். அவற்றில் 1, 2 என்று இரு வகைகள் உண்டு. இந்தப் பெட்டிகளின் வெளிப்பகுதி சில நேரம் வெட்டுப்பட்டு ரத்தத்தில் மிதக்கும். 2012-இல் அதே பாஸ்டன் குழுவினர், பிற்கால நீரிழிவு (டைப் 2) உள்ள 410 பேரின் ரத்தத்தில் பல அழற்சிக் குறிகாட்டிகளை அளந்து ஒப்பிட்டனர். முன்னால் நின்றவை மிதக்கும் அந்தத் தபால் பெட்டிகள்தாம். முதல் வகை ஏற்பி மிக அதிகமாக இருந்த கால்பங்கினரில், 12 ஆண்டுகளில் 54 சதவீதம் பேர் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலைக்குச் சென்றனர். மற்ற முக்கால் பங்கினரில் அது 3 சதவீதம் மட்டுமே. 2019-இல் அந்தக் குழுவினர் 194 அழற்சிப் புரதங்களை அலசி, அவற்றில் 17-ஐச் சேர்த்து ஒரு கூட்டுக் குறியாகத் தந்தனர்.

இரண்டாவது, கிம்-1. முன்னே சொன்ன பொறுக்கி எடுக்கும் குழாயை மறந்துவிட வேண்டாம் என்றேனே, அங்கிருந்து வருவது இது. நலமான குழாயில் இது இல்லை என்றே சொல்லலாம். குழாயின் செல்கள் காயப்படும்போது அவற்றின் மேற்பரப்பில் தோன்றி, உதிர்ந்து சிறுநீரிலும் ரத்தத்திலும் கலக்கும். ஆல்புமின் வடிகட்டியின் கதையைச் சொன்னால் கிம்-1 குழாயின் கதையைச் சொல்கிறது.

இந்த மூன்று புரதங்களையும், அதாவது இரண்டு ஏற்பிகளையும் கிம்-1-ஐயும், நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துக் கணக்கிடும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 ஜூனில் அனுமதி அளித்தது. பிற்கால நீரிழிவும் ஆரம்ப, நடுத்தரக் கட்டச் சிறுநீரக நோயும் உள்ளவர்களை, ஐந்து ஆண்டுகளுக்குள் வேகம் சரியும் வாய்ப்பை வைத்துக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அது பிரிக்கிறது.

‘கணிப்பு’ என்ற சொல்லை எப்படிப் படிப்பது?

அந்த 54 சதவீதத்துக்குத் திரும்புவோம். மிக மோசமான கால்பங்கிலும் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த நிலையை எட்டவில்லை. எட்டப்போகிறவர் யார், எட்டாதவர் யார் என்று அந்தப் புரதம் பெயர் சொல்லிக் காட்டாது. ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் என்று மட்டுமே சொல்லும். ஜாதகக் கணிப்புக்குப் பயன்படுத்தும் சொல்லையே இதற்கும் பயன்படுத்துவதால், கேட்பவர் மனத்தில் விதி என்று பதிந்துவிடுகிறது. அந்த 410 பேர் தொடரப்பட்ட ஆண்டுகளில் இன்றுள்ள முக்கியமான மருந்துகள் சில வரவும் இல்லை. ஆகவே அந்த எண்ணை அப்படியே இன்றைய நோயாளியின் தலையில் ஏற்றுவது நியாயமும் அல்ல. ஓர் ஊர் மக்களிடம் கண்ட எல்லை எண்ணை, மீண்டும் சோதிக்காமல் இன்னோர் ஊர் மக்களுக்குப் பொருத்துவதும் அப்படித்தான்.

அடுத்து, ஏற்கெனவே தெரிந்ததற்கு மேல் புதுப் புரதம் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். வடிகட்டும் வேகம் குறைந்தாலே பல சிறு புரதங்கள் வெளியேற முடியாமல் ரத்தத்தில் தேங்கி உயரும். அப்படி உயர்ந்த ஒன்றைப் புதிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடினால், கிரியாட்டினின் சொன்னதையே இன்னொரு வாயால் கேட்கிறோம். கனடாவில் 2011-இல் உருவான ஒரு சூத்திரம் வயது, பாலினம், இ-ஜி.எஃப்.ஆர்., ஏ.சி.ஆர். என்ற நான்கையே கொண்டு, சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பை நன்றாகவே மதிப்பிடுகிறது. புதிய புரதம் எதுவானாலும் இந்த எளிய நான்கையும் விஞ்ச வேண்டும். விஞ்சினால்தான் நோயாளி அதற்குப் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு.

இன்னொரு பாடத்தை ஐரோப்பாவில் நடந்த ப்ரையாரிட்டி ஆய்வு தந்தது. முடிவு 2020-இல் வெளியானது. ஆல்புமின் கசிவே இல்லாத, பிற்கால நீரிழிவு உள்ள 1,775 பேரின் சிறுநீரில் 273 புரதத் துணுக்குகளை ஒன்றாக அளந்து, 216 பேரை அதிக ஆபத்து உள்ளவர்கள் என்று பிரித்தார்கள். கணிப்பு சரியாகவே இருந்தது: அவர்களில் 28 சதவீதம் பேருக்குக் கசிவு தொடங்கியது, மற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கு. அந்த 216 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரை கொடுத்துக் கசிவைத் தடுக்க முயன்றார்கள். தடுக்க முடியவில்லை. வெள்ளம் வருவதைச் சரியாகச் சொன்னது சருகு; ஆனால் அவர்கள் கட்டிய கரை வேலை செய்யவில்லை. முன்கூட்டி அறிவதும் முன்கூட்டித் தடுப்பதும் இரண்டு தனித்தனி வெற்றிகள் என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

ஆனால் ஆல்புமின் விஷயத்தில் கரை இருக்கிறது. வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் லோசார்ட்டான் வகை மாத்திரைகள் 2001-லேயே பலனை நிரூபித்தன. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் கெனாக்லிஃப்ளோசின் என்ற மருந்து, சிறுநீரகச் சரிவையும் அதோடு சேர்த்துக் கணக்கிட்ட இறப்புகளையும் சுமார் 30 சதவீதம் குறைத்தது. அது வேலை செய்யும் இடம் எது தெரியுமா? சர்க்கரையோடு சோடியத்தையும் திருப்பி எடுக்கிறதே, குழாயின் அதே வாசல். அதை அடைத்தால் காவல் இடத்துக்குச் சோடியம் போய்ச் சேர்கிறது, தவறான புரிதல் நீங்குகிறது, வடிகட்டியின் அழுத்தம் தணிகிறது. அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் அனைவரும் ஏ.சி.ஆர். 300-க்கு மேல் இருந்தவர்கள். அறுபது ஆண்டுப் பழைய ஆல்புமின்தான் அந்த மருந்தின் வாசலில் இன்னும் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் பிற்கால நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறை ஏ.சி.ஆரும் இ-ஜி.எஃப்.ஆரும் பார்க்கச் சொல்கிறார்கள். இளவயது நீரிழிவில் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கலாம்.

அத்தையை ஏ.சி.ஆர். எடுக்க அழைத்துப் போனேன். முதல் எண் 212. அவர் முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் அந்த வாரம் அவருக்குச் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் இருந்தன. மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டுத் தொற்றைச் சரிசெய்தார். ஆறு வாரம் கழித்து 84. அதற்கு இரண்டு மாதம் கழித்து 91, இ-ஜி.எஃப்.ஆர். 56. நோய் உறுதி, ஆனால் நடுத்தரக் கட்டம். மாத்திரை ஒன்று மாறியது, ஒன்று சேர்ந்தது. நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் தாள்களில் இப்போது ‘உப்பு’ என்று அவர் எழுதுவதில்லை. ஒன்றில் ‘கசிவு’, மற்றதில் ‘வேகம்’ என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டு வைத்திருக்கிறார்.